மே கடைசியில் மெடிடரேனியன் குரூஸ்: பினாங்கிலிருந்து 6 பேர், எங்கிருந்து ஏறுவது, எப்படி புக் பண்ணுவது?

பாயான்லெப்பாஸ்_6பேர்
எல்லாருக்கும் வணக்கம். அடுத்த வருஷம் நடுவாண்டுப் பள்ளி விடுமுறையில, மே கடைசி ஜூன் முதல் வாரம், ஐரோப்பாவில 7 இரவு குரூஸ் போகத் திட்டம். நாங்க ரெண்டு பேர், பிள்ளைங்க 11 வயசு, 7 வயசு, அப்பா 71, அம்மா 68. அம்மாவுக்கு மூட்டு வலி, சமதரையில நடப்பாங்க, படி ஏற முடியாது. அப்பா சிவப்பு ஐசி (மலேசிய நிரந்தரவாசி), இந்திய பாஸ்போர்ட். ரெண்டு பேரும் சுத்த சைவம். கம்பெனி வெப்சைட்ல "ஆளுக்கு 700 யூரோவிலிருந்து"னு பார்த்தேன். எந்தக் கப்பல் நல்லா இருக்கும்?

கப்பல்கிறுக்கு_கேஎல்
கப்பலை அப்புறம் பார்க்கலாம். முதல்ல எந்தெந்தத் துறைமுகம், அடுத்து எந்த விமானம், கடைசியில்தான் எந்தக் கப்பல். தண்ணிச் சறுக்கு எத்தனை, ரெஸ்டாரண்ட் எத்தனைன்னு பார்த்து புக் பண்ணிட்டு, துறைமுகத்துக்கு வெளியே அம்மாவை எப்படி அழைச்சிட்டுப் போறதுன்னு யோசிக்கிறவங்கதான் அதிகம்.

நம்ம பக்கம் ஓடுற கெந்திங் டிரீம் கப்பல்ல போற மாதிரியே இருக்கும்னு நினைக்காதீங்க. எம்எஸ்சி, கோஸ்டா ரெண்டும் இத்தாலிய பாணி. அறிவிப்பு நாலஞ்சு மொழியில வரும், ராத்திரி சாப்பாடு லேட், ரெண்டாவது பந்தி 9 மணிக்குப் பக்கத்துலதான் தொடங்கும். சாப்பாட்டு மேசையில தண்ணி பாட்டிலுக்குக் காசு (பஃபேயில மெஷின் தண்ணி இலவசம்). சிகரெட் பிடிக்கிற ஆளுங்க கூடுதல். ராயல் கரீபியன், நார்வீஜியன், செலிப்ரிட்டி எல்லாம் அமெரிக்க பாணி, ஆங்கிலம் போதும், விலை கூட. ஆய்டா, மைன் ஷிஃப் ஜெர்மன்காரங்களுக்கானது, விலை நல்லா இருந்தாலும் கப்பல்ல எல்லாமே ஜெர்மன். வைக்கிங்ல 18 வயசுக்குக் கீழே சேர்க்க மாட்டாங்க, அதை இப்பவே அடிச்சிடுங்க.

இத்தாலிய கப்பல்ல நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கு. மேற்கு மெடிடரேனியன் சுற்றுல பார்சிலோனா, மார்சே, ஜெனோவா, சிவிட்டாவெக்கியா (ரோமுக்கான துறைமுகம்) எதுலயும் ஏறலாம், ஏழு நாள் கழிச்சு அங்கேயே இறங்கலாம். அதே கப்பல், அதே வாரம், ஆனா ஏறுற இடத்தைப் பொறுத்து விலை மாறும். நாலு ஊருலயும் விலை போட்டுப் பாருங்க. இதனால வர்ற தொல்லை ஒண்ணு: தினமும் புது ஆளுங்க ஏறுவாங்க, அந்த மத்தியானம் பஃபேயில இடம் கிடைக்காது.

செந்தூல்_சிக்கனம்
அந்த 700 யூரோவைப் பத்திப் பேசுவோம். அது ரெண்டு பேர் தங்குற உள்ளறைக்கு (ஜன்னல் இல்லாத கேபின்), ஆளுக்கு. அதுக்கு மேல துறைமுக வரி. சில வெப்சைட்ல சேர்த்தே காட்டுவான், சிலதுல கடைசிப் பக்கத்துலதான் வரும். உதாரணத்துக்கு 150 யூரோன்னு வைங்க. அப்புறம் சேவைக் கட்டணம், அதாவது டிப்ஸ், இராத்திரிக் கணக்கு. 12 யூரோன்னு வைச்சா 7 இரவுக்கு 84. ஆக 934. ஒரு யூரோ 5 வெள்ளின்னு (ரிங்கிட்) போட்டா 4,670 வெள்ளி ஆளுக்கு. இதுல விமானம் இல்ல, முதல் நாள் ஹோட்டல் இல்ல, கரையில சுத்துற செலவு இல்ல, இன்டர்நெட் இல்ல.

அமெரிக்க கம்பெனில டிப்ஸ் இன்னும் கூட. ராயல் கரீபியன்ல சாதாரண கேபினுக்கே நாளைக்கு 18.50 டாலர், 6 பேருக்கு 7 நாள்னா 777 டாலர்.

மூணாவது நாலாவது படுக்கைக்கு "பிள்ளைங்க இலவசம்"னு போடுவான். கட்டணம்தான் இலவசம், துறைமுக வரி முழுசா உண்டு. தனியா போறவங்க பெரும்பாலும் ரெண்டு ஆள் காசு கட்டணும், அதையும் தெரிஞ்சு வைங்க, யாராவது அத்தை மாமா சேர்ந்துக்கிறேன்னு சொல்வாங்க.

மதுப் பேக்கேஜ் வேண்டாம். ஒரு கேபின்ல ஒரு பெரியவர் எடுத்தா மத்த பெரியவரும் எடுக்கணும்ங்கிறது பொதுவான விதி. குடிக்காத குடும்பத்துக்கு அது கடலைப் பார்த்துக் காசு வீசுறது.

ஜார்ஜ்டவுன்_டிக்கெட்
விமானம் பற்றிச் சில குறிப்புகள்.

1. கப்பல் புறப்படும் நாளன்று போய் இறங்கும் டிக்கெட்டை எடுக்கவே கூடாது. குறைந்தது முந்தின நாள் போய்ச் சேரவேண்டும். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. பெட்டி தவறினால் ஏழு நாளும் பெட்டி உங்களைத் துரத்திக்கொண்டே வரும்.

2. பினாங்கு-கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்-ஐரோப்பா வேறு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால், கோலாலம்பூரில் ஏர் ஏசியா இறங்குவது டெர்மினல் 2, மற்றவை பெரும்பாலும் டெர்மினல் 1. பெட்டியை எடுத்து, டெர்மினல் மாறி, மறுபடி செக்-இன் செய்யவேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். பினாங்கிலிருந்தே ஒரே டிக்கெட்டாக எடுங்கள். சிங்கப்பூர் வழியும் பாருங்கள். அங்கிருந்து ரோமுக்கு நேரடி விமானம் உண்டு.

3. திரும்பும் நாள்: சிவிட்டாவெக்கியா ரோமிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். காலையில் இறங்கி விமான நிலையம் போக, மதியம் 2 மணிக்கு முந்தைய விமானம் வேண்டாம்.

4. பெயர். நம் பெயரில் 'மகன்', 'மகள்' என்று வரும் ஏ/எல், ஏ/பி தலைவலி. முன்பதிவுத் தளங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. விமானம், கப்பல், விசா, காப்புறுதி நான்கிலும் ஒரே முறையில் எழுதுங்கள். ஒன்றில் ஏ/எல் சேர்த்து மற்றொன்றில் விட்டால் செக்-இன் மேசையில் நிற்கவேண்டிவரும். கப்பல் நிறுவனங்கள் பெயர் திருத்தத்துக்குக் கட்டணம் கேட்கும். சில சலுகைக் கட்டணங்களில் பெயரை மாற்றவே விடமாட்டார்கள்.

பாயான்லெப்பாஸ்_6பேர்
நன்றி. வீட்டுக்காரருக்கு சந்தோரினி பார்க்கணும்னு ஆசை. ஏதென்ஸ்ல ஏறி மிக்கோனோஸ், குஷாடாசி, சந்தோரினி. மேற்குப் பக்கம் நல்லதா, கிரேக்கம் நல்லதா?

கப்பல்கிறுக்கு_கேஎல்
அம்மா மூட்டை வச்சுப் பார்த்தா மேற்கு. சந்தோரினியில கப்பல் கரை சேராது. நடுக்கடல்ல நிறுத்தி சின்னப் படகுல இறக்குவான். படகும் கப்பலும் ஆடும்போது இடைவெளியைத் தாண்டி காலை வைக்கணும், சக்கர நாற்காலியை அலை இருந்தா ஏத்தவே மாட்டான். கரைக்கு வந்ததும் செங்குத்துப் பாறை: 588 படி, இல்லன்னா கேபிள் கார். ரெண்டு மூணு பெரிய கப்பல் ஒரே நாள்ல வந்துட்டா கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்துக்கு மேல போகும், அதுவும் வெயில்ல, இறங்குறதுக்கும் அதே வரிசை. காசும் கூடிப்போச்சு. 2025 ஜூலையிலிருந்து சந்தோரினி, மிக்கோனோஸ் ரெண்டுக்கும் ஜூன்-செப்டம்பர் சீசன்ல ஆளுக்கு 20 யூரோ வரி. ஜூலை ஆகஸ்ட்ல மெல்டெமி காத்து வீசினா அந்தத் தீவையே விட்டுட்டுப் போயிடுவான், உங்க மே கடைசியில அந்த ஆபத்து குறைவு.

மேற்குல ஜெனோவா, நேப்பிள்ஸ், பலெர்மோ மூணும் ஊருக்குள்ளயே கரை சேரும், இறங்கினா நகரம். மால்டா வல்லெட்டா உயரத்துல இருக்கும், ஆனா துறைமுகத்துக்குப் பக்கத்துல பராக்கா லிஃப்ட் 58 மீட்டர் மேலே தூக்கி விட்டுடும், அம்மாவுக்குப் படியே இல்ல. மார்சே மட்டும் ஊருக்குத் தூரம், ஷட்டில் பஸ்ஸுக்குக் காசு.

ஆயர்ஈத்தாம்_அலை
எல்லாத்தையும் மூட்டு வலியை வச்சே முடிவு பண்ணா சந்தோரினி எப்பதான் பார்க்கிறது? அம்மா கப்பல்லயே இருக்கட்டும், எரிமலைக் கிண்ணம் முழுசும் டெக்லேர்ந்தே தெரியும். சொல்லப்போனா அங்கேயிருந்து பார்க்கிறதுதான் அழகு. குஷாடாசியில கப்பல் கரை சேரும். எஃபசஸ் பக்கத்துல. பெரியவங்களுக்கு அங்க பளிங்குப் பாதை சரிவா இருக்கும், மேல் வாசல்ல இறங்கி கீழ் வாசல்ல முடிக்கிற டூர் கேளுங்க, அப்ப இறக்கம்தான். 4 நாள் துறைமுகத்துல 1 நாள் அம்மா இறங்கல, அவ்வளவுதானே.

ஜார்ஜ்டவுன்_டிக்கெட்
அதில் தவறில்லை. ஆனால் அப்பாவின் பாஸ்போர்ட்டைக் கணக்கில் எடுங்கள். நமது மலேசிய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கனில் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகள்) எந்த 180 நாளிலும் 90 நாள் விசா வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். குஷாடாசி துருக்கி, ஷெங்கனுக்கு வெளியே. ஏதென்ஸில் நுழைந்து, துருக்கி போய், மறுபடி சந்தோரினியில் நுழைந்தால் இரண்டு நுழைவு. ஒருமுறை நுழைவு விசா வைத்திருந்தால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். மேற்குச் சுற்றில் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மால்டா எல்லாம் ஷெங்கன்; ஆனாலும் பலமுறை நுழைவு விசாவே கேளுங்கள். சில வாரங்களில் துனிசியாவும் பட்டியலில் வரும், அதுவும் வெளியே.

எந்த நாட்டில் கேட்பது? அதிக நாள் எந்த நாட்டிலோ அங்கே. சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஜெனோவா, சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ் என்றால் இத்தாலி. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறையக் கூடாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா மையத்தின் கூலி தனி. 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி, கப்பல் முன்பதிவு உறுதிச்சீட்டு, விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் கேட்பார்கள். கோடைக்காலத்துக்கான சந்திப்பு நேரம் மார்ச், ஏப்ரலில் நிரம்பிவிடும், ஜனவரியிலேயே பாருங்கள்.

சிவப்பு ஐசிக்காரர்கள் மறந்துபோவது இன்னொன்று: இமிகிரேசனின் மறுநுழைவு அனுமதி பாஸ்போர்ட்டில் செல்லுபடியாக இருக்கவேண்டும். போகும்போது யாரும் கேட்காமல், திரும்பி வரும்போது பிரச்சினையாகும்.

பிரிக்பீல்ட்ஸ்_பயணி
மலேசிய பாஸ்போர்ட்காரங்களுக்கும் ரெண்டு விஷயம். 2025 அக்டோபர் 12லிருந்து ஐரோப்பிய எல்லையில புது நுழைவு-வெளியேற்றப் பதிவு வந்திருக்கு. முதல் தடவை முகப்படம், விரல்ரேகை எடுப்பாங்க (12 வயசுக்குக் கீழே விரல்ரேகை இல்ல). வரிசை நீளும். இறங்கின விமான நிலையத்துல அடுத்த விமானம் மாறுறதா இருந்தா மூணு மணி நேரம் விடுங்க. ரெண்டாவது, ஈடியாஸ்னு முன்அனுமதி 2026 கடைசியில தொடங்கும்னு அறிவிச்சிருக்காங்க, கட்டணம் 20 யூரோ, 18 வயசுக்குக் கீழேயும் 70க்கு மேலேயும் கட்டணம் இல்ல. தொடங்குறதுக்கு முன்னாடியே காசு வாங்குற போலி வெப்சைட் நிறைய. இங்கிலாந்து சவுத்தாம்ப்டன்லேர்ந்து ஏறுறவங்களுக்கு பிரிட்டனோட முன்அனுமதி (ஈடிஏ) தனியா வேணும், 2025 ஜனவரி 8லிருந்து நமக்கும் கட்டாயம்.

பாயான்லெப்பாஸ்_6பேர்
அப்போ மேற்கு. சந்தோரினிக்கு வீட்டுக்காரர் தனியா எப்பவாவது போகட்டும் 😄 கேபின் எப்படி? எல்லாருக்கும் பால்கனி எடுத்தா பட்ஜெட் தாங்காது.

செந்தூல்_சிக்கனம்
மேற்குச் சுற்றுல கிட்டத்தட்ட தினமும் துறைமுகம். காலையில இறங்கி சாயந்திரம் ஏறுவீங்க, பால்கனியில உக்கார நேரமே இல்ல. பிள்ளைங்க கேபின் உள்ளறை போதும். "கேரண்டி" கட்டணம்னு இருக்கும், கேபின் நம்பரை அவனே கொடுப்பான், விலை குறைவு.

கப்பல்கிறுக்கு_கேஎல்
கேரண்டியை ஆறு பேர் குடும்பத்துக்குச் சொல்லாதீங்க அண்ணே. ஒரு கேபின் 5ஆவது டெக் முன்பக்கம், இன்னொண்ணு 12ஆவது டெக் பின்பக்கம்னு கொடுத்தா, 300 மீட்டர் கப்பல்ல அம்மா நடக்கணும். கேபினை நம்பர் பார்த்து எடுக்கணும்:

- நடுப்பகுதி, லிஃப்டுக்குப் பக்கம், ஆனா லிஃப்ட் வாசலை ஒட்டி இல்ல. கீழ் டெக்கும் நடுவும்தான் ஆட்டம் குறைவு.
- டெக் பிளானைத் திறந்து மேல் மாடி, கீழ் மாடி என்னன்னு பாருங்க. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே இருந்தா விடியக்காலையில நாற்காலி இழுக்கிற சத்தம். தியேட்டர், டிஸ்கோவுக்கு நேர் மேலே இருந்தா நடு ராத்திரி வரைக்கும் இடி. மேலேயும் கேபின், கீழேயும் கேபின்னா நல்லது.
- ஜன்னல் கேபின் மலிவா இருந்தா "மறைக்கப்பட்ட காட்சி"யான்னு பாருங்க. உயிர்காப்புப் படகு முன்னாடி தொங்கும்.
- நாலு படுக்கை கேபின்ல மேல் ரெண்டு படுக்கை கூரையிலிருந்து இறங்கும், ஏணி போட்டு ஏறணும். பிள்ளைங்களுக்குக் கொண்டாட்டம், பெரியவங்களுக்கு ஆகாது.
- சக்கர நாற்காலி உள்ளே கொண்டு போறதா இருந்தா அகலக் கதவுள்ள தனி கேபின் கேக்கணும். அது எண்ணிக்கையில குறைவு, முதல்ல தீர்ந்துபோறதும் அதுதான். கப்பல் நாற்காலி ஏற இறங்க மட்டும், ஏழு நாளுக்குக் கொடுக்க மாட்டான்.

ஆயர்ஈத்தாம்_அலை
சாப்பாடு. சைவம்னு புக்கிங்லயே போட்டு, முதல் ராத்திரி ஹெட் வெயிட்டர்கிட்ட நேர்ல சொல்லுங்க. "முட்டை இல்ல, மீன் இல்ல, கோழிச் சாறு இல்ல"ன்னு பிரிச்சுச் சொல்லணும், ஏன்னா அங்க சைவம்னா சூப்ல மீன் சாறு இருக்கலாம், சீஸ்ல விலங்கு நொதி இருக்கும். மறுநாள் மெனுவை முந்தின ராத்திரியே காட்டச் சொல்லி என்ன வேணும்னு குறிச்சுக் கொடுத்தா, தனியா ஒரு காய்க்கறி, பருப்பு செஞ்சு தருவாங்க. சமையல்கட்டுலயும் பரிமாறுறதுலயும் இந்தியாக்காரங்க நிறைய. ராத்திரியில மட்டும்தான் இந்த வசதி, மத்தியானம் பஃபே, அங்க பாஸ்தா, பீட்சா, சாலட்னு ஓட்டணும்.

கெட்டில், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஸ்கேன்ல பிடிச்சு வச்சுட்டு கடைசி நாள்தான் தருவான். நம்ம மூணு முள் பிளக் வேலை செய்யாது, ஐரோப்பிய ரெண்டு முள் அடாப்டர் கொண்டு போங்க, மல்டி பிளக் வேண்டாம். ஐரோப்பாவுக்குள்ள இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகத் தடை. செருண்டிங் டாகிங் (இறைச்சித் தூள் வறுவல்), நெய், பால் மாவு, பால்கோவா எதுவும் பெட்டியில வேண்டாம். இட்லிப் பொடி, ஊறுகாய், சம்பால் இக்கான் பிலிஸ் (நெத்திலி சம்பால், அப்பா அம்மாவுக்கு இல்ல, உங்களுக்கு) பிரச்சினை இல்ல, கம்பெனி சீல் போட்ட பாக்கெட்டா இருக்கட்டும்.

காலா நைட்டுக்கு (எல்லாரும் நல்லா உடுத்தி வர்ற விருந்து ராத்திரி) கோட்டு தேடாதீங்க. நீளக் கை பாத்தேக் சட்டை போதும். பெண்களுக்குச் சேலையைவிட எதுவும் எடுப்பா இருக்காது.

பாயான்லெப்பாஸ்_6பேர்
ஆன்லைன்ல நேரா புக் பண்றதா, ஏஜண்ட்டா, இல்ல மாத்தா ஃபேருக்கு (பயணக் கண்காட்சி) காத்திருக்கிறதா?

செந்தூல்_சிக்கனம்
நேரா. நடுவுல ஒருத்தர் எதுக்கு?

ஜார்ஜ்டவுன்_டிக்கெட்
இரண்டு பேர், பால்கனி, விசா தேவையில்லை என்றால் நேராகச் செய்யலாம். உங்களுடையது இரண்டு கேபின், ஒரு விசா, சிறப்பு உணவு, சக்கர நாற்காலி. இதில் ஏதாவது மாறினால் வெளிநாட்டுக் கால்சென்டரில் காத்திருக்கவேண்டும். ஏஜண்ட் கட்டணம் பெரும்பாலும் கப்பல் நிறுவனத்தின் விலையேதான்; அவர்களுக்குக் கமிஷன் அங்கிருந்து வரும். முழுப்பணம் கட்டும் தேதிக்கு முன் விலை இறங்கினால் மாற்றித் தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள். நல்ல ஏஜண்டை அந்தப் பதிலில் தெரியும்.

சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் தளத்தில் நிறுவனப் பெயரைப் போட்டுப் பாருங்கள். ரசீதில் உள்ள பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். தனி ஆள் பெயரிலுள்ள கணக்குக்கு டூயிட்நவ் மூலம் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தவரை கிரெடிட் கார்டில் கட்டுங்கள். தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கும்.

மாத்தா ஃபேரில் விமானத்துக்கும் தொகுப்புக்கும் நல்ல விலை வரும். கப்பலுக்கு அதற்காகக் காத்திருக்கவேண்டாம். நமது மே கடைசி அவர்களுக்குக் கோடைத் தொடக்கம். அடுத்தடுத்த இரண்டு கேபினும் அகலக் கதவுக் கேபினும் அதற்குள் போய்விடும்.

முன்பணம் திரும்பக் கிடைக்குமா, கிடைக்காதா என்று கட்டண வகையில் எழுதியிருக்கும். விசா வரும்வரை திரும்பக் கிடைக்கும் வகையை எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் சரி. மீதிப் பணம் வழக்கமாகப் புறப்படுவதற்கு 60 முதல் 90 நாளுக்கு முன். அதன் பிறகு ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறி, கடைசி இரண்டு வாரத்தில் ஒன்றும் திரும்பாது. எனவே அப்பாவின் விசா முடிவு மீதிப் பணத் தேதிக்கு முன் வரும்படி கணக்குப் போடுங்கள்.

காப்புறுதியில் "குரூஸ்" என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடங்கவேண்டும். 70 வயதுக்கு மேல் பல பாலிசிகளில் மருத்துவத் தொகை குறைந்துவிடும், அப்பாவுக்கு 30,000 யூரோவுக்குக் கீழே போகாமல் பாருங்கள்.

செந்தூல்_சிக்கனம்
சரி, விசா இருக்கிற கேஸ்ல ஏஜண்ட்தான். ஒத்துக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்_பயணி
கரையில சுத்துறதுக்கு: எந்தத் துறைமுகம் எந்தக் கிழமைல வருதுன்னு எழுதுங்க. புதன் காலையில போப் மக்களைச் சந்திக்கிற நாள்னா அது முடியுற வரைக்கும் செயின்ட் பீட்டர்ஸ் பேராலயத்துக்குள்ள விட மாட்டாங்க. ஞாயிறு வத்திகான் மியூசியம் மூடல் (மாசக் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பு). ரோமுக்கு ரயில்ல போறதா இருந்தா மெயின் ஸ்டேஷன் டெர்மினி வரைக்கும் போகாம சான் பியெத்ரோ ஸ்டேஷன்ல இறங்குங்க, வத்திகான் அங்கிருந்து நடை தூரம். நேப்பிள்ஸ் பக்கத்துப் பழைய நகரம் பொம்பெயில ஒரு நாளைக்கு 20,000 பேர்தான், டிக்கெட்ல பேர் அடிச்சிருக்கும், முன்கூட்டியே வாங்கணும். ஆனா உள்ளே மேடு பள்ளக் கல் பாதை, அம்மாவுக்கு வேண்டாம். பார்சிலோனா சக்ரதா ஃபமிலியா தேவாலயமும் நேரம் குறிச்ச டிக்கெட்தான்.

ரோமுக்கு மட்டும் கப்பலோட டூரே எடுங்க. விலை கூட, ஆனா பஸ் தாமதமானா கப்பல் காத்திருக்கும். தனியா ரயில்ல போய் ரயில் நின்னுட்டா அடுத்த துறைமுகத்துக்கு உங்க செலவுல போகணும். ஜெனோவா, பலெர்மோ மாதிரி ஊருக்குள்ள நிக்கிற இடத்துல டூருக்குக் காசு கொடுக்காதீங்க.

ஃபோனை கப்பல்ல ஏர்பிளேன் மோட்ல போடுங்க. நடுக்கடல்ல கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க் தானா பிடிச்சுக்கும், அது உங்க ரோமிங் பேக்கேஜ்ல வராது. கப்பல் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு இணைக்காதீங்க, பிடித்து வைக்கிற தொகை திரும்ப வர நாளாகும். கரையில கார்டு மெஷின் "வெள்ளியா, யூரோவா"ன்னு கேட்டா யூரோவை அமுக்குங்க.

பாயான்லெப்பாஸ்_6பேர்
கடைசிக் கேள்வி. நாங்க நாலு பேர் ஒரு கேபின், அப்பா அம்மா ஒரு கேபின். ரெண்டு புக்கிங்கா வரும்போது ராத்திரி ஒரே மேசை கிடைக்குமா?

கப்பல்கிறுக்கு_கேஎல்
தானா கிடைக்காது. ரெண்டு புக்கிங் நம்பரையும் "லிங்க்" பண்ணச் சொல்லி ஏஜண்ட்கிட்ட எழுத்துல கேளுங்க, ரெண்டுக்கும் முதல் பந்தின்னு போடச் சொல்லுங்க, 7 வயசுப் பிள்ளை 9 மணி சாப்பாட்டுக்குத் தாங்காது. ரெண்டு புக்கிங்குக்கும் வெப் செக்-இன்ல ஒரே நேரத்து வருகை ஸ்லாட் எடுங்க. அப்பா அம்மா கேபின் சாவி அட்டைக்குச் செலவுக் கார்டு தனியா கேக்கும், உங்க கிரெடிட் கார்டையே அதுக்கும் இணைக்க முதல் நாள் வரவேற்பு மேசைக்குப் போகணும். கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடி பாதுகாப்புப் பயிற்சி ஆறு பேரும் முடிச்சாகணும். கேபின் வேற வேற பக்கமா இருந்தா கூடுமிடமும் மாறலாம், அட்டையில எழுதியிருக்கிற எழுத்தைப் பார்த்துக்குங்க.

பாயான்லெப்பாஸ்_6பேர்
சரி. திங்கட்கிழமை ரெண்டு ஏஜண்டைக் கூப்பிட்டு சிவிட்டாவெக்கியா, பார்சிலோனா ரெண்டுக்கும் விலை வாங்கி இங்கேயே போடுறேன், திரும்பக் கிடைக்கிற முன்பணத்தோட.

செந்தூல்_சிக்கனம்
துறைமுக வரியும் டிப்ஸும் சேர்த்த விலையைக் கேளுங்க.